படத்தில் இல்லாத ஊர்

மரியரட்ணம் அண்ணைக்குத் தெரியாத விசயம் இந்த உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் சொல்வார். மேற்கு பேர்லினின் நொய்கெல்னில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பன்னிரண்டு தமிழர்கள் அடைந்து கிடந்த ஹைம் என்ற அந்த அகதிகள் விடுதியில், விசாரணையில் என்ன சொல்வது என்பதிலிருந்து உறைபனியில் சறுக்காமல் எப்படி நடப்பது என்பது வரை எல்லோரும் அவரிடம்தான் கேட்பார்கள். அவரே சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டவர் என்பது வேறு விசயம். அந்த மரியரட்ணம் அண்ணைதான் 1987ஆம் ஆண்டு மாசி மாதக் கடைசியில் றீற்றாவைக் கூப்பிட்டு இருத்தி, இனி ஓர் ஆத்துமசாந்திப் பூசை ஒப்புக்கொடுப்பதுதான் முறை என்றார்.

"ஆருக்கு?" என்று கேட்டாள் றீற்றா.

அவர் நிலத்தைப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும்தான், பிள்ளை."

இரண்டு பேர் என்றால், ஒருவன் அவளுடைய புருசன் ஸ்ரனிஸ்லாஸ். மற்றவன் அவளுடைய ஒரே தம்பி ஜேசுரட்ணம். றீற்றாவும் சேர்ந்து மூவரும் யாழ்ப்பாணத்து மீன்பிடிக் கரையான குருநகர்க்காரர். கடலில் இறங்கினால் நேவி சுடுகிறான் என்ற நிலை வந்தபிறகு, இருந்த படகை விற்றுவிட்டு 1985இல் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் புகுந்தவர்கள். ஒரு வருசத்துக்கு மேல் ஹைமில் இருந்து பார்த்தார்கள். வேலை செய்யக் கூடாது, ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது, விண்ணப்பத்துக்கு முடிவும் வராது. கடலில் வளர்ந்த இரண்டு ஆண்கள் பகல் முழுக்கக் கட்டிலில் இருந்து சுவரைப் பார்த்தால் என்ன நடக்கும்? கனடாக் கதை காதில் விழுந்தது. ஏஜென்ற் ஒருவன் அகப்பட்டான். மெக்சிக்கோவுக்குப் போய், அங்கிருந்து எல்லை தாண்டி, அமெரிக்காவைக் கடந்து கனடா. முதலில் ஆண்கள் இருவரும், பிறகு றீற்றா. வேறு ஆட்களின் பேரில் பாஸ்போட்டோடு புரட்டாசியில் புறப்பட்டார்கள்.

ஐப்பசியில் ஓர் அஞ்சலட்டை வந்தது. ஒரு பக்கம் வண்ணப் படம்: கரும்பாறைகளுக்கு நடுவில் கடல் வெள்ளையாகச் சீறி வானத்துக்கு எழும்புகிறது, கம்பி வேலிக்கு இப்பால் வெள்ளைக்காரர்கள் நனைந்துகொண்டு சிரிக்கிறார்கள். மறுபக்கம் ஸ்ரனிஸ்லாஸின் கோணல் எழுத்து. தானும் தம்பியும் சுகம், வருகிற கிழமை அங்கால் போகிறோம், மாதாவை மன்றாடிக்கொள். அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு சொல் வரவில்லை. ஏஜென்ற் முதலில் அவர்கள் கடந்துவிட்டார்கள் என்றான். பிறகு விசாரிக்கிறேன் என்றான். பிறகு அவனுடைய தொலைபேசியில் வேறு யாரோ பேசினார்கள்.

றீற்றா அழுதுகொண்டு இருக்கிற ஆள் இல்லை. அழுதாள், ஆனால் இருக்கவில்லை. கார்ல் மார்க்ஸ் வீதியில் பயணச்சீட்டு விற்கும் கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினாள். அங்கிருந்த பெண் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டி, இது என்சனாடா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பாறைக் குகைக்குள் கடல் புகுந்து இப்படிப் பீறிடும், அதைப் பார்க்க ஆட்கள் போவார்கள் என்றாள். அன்றே றீற்றா அந்த ஊர்ப் பங்குக் குருவுக்குக் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கலியாணப் படத்தையும் தம்பியின் படத்தையும் வைத்து அனுப்பினாள். தை மாதம் பதில் வந்தது. மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தேன், யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை, அவர்களுக்காக மன்றாடுகிறேன் என்று அந்த நல்ல மனுசன் எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைத்தான் மரியரட்ணம் அண்ணை பிடித்துக்கொண்டார். சாமியாரே மன்றாடுகிறார் என்றால் விளங்கவில்லையா என்பது அவருடைய கட்சி.

"அண்ணை, செத்ததெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. சொல்லுறவரைக்கும் பூசை இல்லை," என்று எழுந்து போனாள் றீற்றா.

அடுத்த கிழமை அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. அவளுக்கு என்று சொல்வதும் பிழை. அவளோடு ஒரே அறையில் இருந்த கொறற்றியிடம் வேலை அனுமதி இருந்தது. கொறற்றிக்கோ ஏற்கெனவே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. ஆகவே கொறற்றியின் பேரில், கொறற்றியின் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, றீற்றா துப்புரவு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் பாதித் தமிழர் பிழைத்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நம் முகமெல்லாம் ஒரே முகம்தானே.

வேலை ரேடியோக் கோபுரத்தின் அடியில் இருந்த கண்காட்சி மண்டபங்களில். பங்குனி மாதத்தில் அங்கே ஆறு நாள் உல்லாசப் பயணச் சந்தை நடக்கும். காசு கொடுத்து வெயிலில் காய்வதற்கு எந்த நாட்டுக்குப் போகலாம் என்று ஜேர்மன்காரர் வந்து ஆராய்வார்கள். ஒவ்வொரு நாடும் தன் கடலையும் மலையையும் கோயிலையும் படம்பிடித்து மாட்டியிருக்கும். இலங்கையும் ஒரு கடை போட்டிருந்தது. தென்னை மரம், யானை, சிரிக்கிற பெண். அந்தக் கடைக்கு முன்னால் கூட்டும்போது றீற்றா தலையை நிமிர்த்தவில்லை. பேர்லினுக்கு வெளியே கால் வைக்கக் கடிதம் எழுதி அனுமதி கேட்கவேண்டிய ஒருத்தி, முழு உலகத்தின் குப்பையையும் அள்ளிக்கொண்டு போனாள்.

ஆனால் அவள் அங்கே குப்பை அள்ள மட்டும் போகவில்லை. உலகமெல்லாம் வந்திருந்தால் மெக்சிக்கோவும் வந்திருக்கத்தானே வேண்டும்? முதல் நாள் அவளுக்குக் கழிப்பறைகள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் தன்னோடு வேலை செய்த துருக்கிக்காரியிடம் கையால் காலால் பேசி மண்டபத்தை மாற்றிக்கொண்டாள். மாலை ஆறு மணிக்குப் பார்வையாளர்கள் வெளியேறியபிறகு, விளக்குமாற்றோடு மெக்சிக்கோக் கடைகளை ஒவ்வொன்றாகக் கடந்தாள். மூலையில் ஒரு சின்னக் கடை. அமெரிக்க எல்லையை ஒட்டிய மாநிலம் என்று பலகை சொன்னது. பனைமரம் போல் உயர்ந்த கள்ளி முள்மரங்கள் நிற்கிற பாலைவனம் ஒரு படத்தில். திராட்சைத் தோட்டம் ஒன்றில். மண்சுவர்த் தேவாலயம், மணற்குன்றுகள், மீன் தூண்டிலோடு நாற்காலியில் சாய்ந்திருக்கிற மனிதர்கள். நடுச்சுவரில், கதவளவு பெரிதாக, அவளுடைய படம். அதே பாறை, அதே சீறுகிற கடல்.

கடைக்காரர் ரமிரோ என்று பெயர் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், ஊரில் எட்டு அறை உள்ள ஒரு சிறு விடுதி வைத்திருப்பவர். மூன்று நாளாக அவருடைய கடையில் ஒருவரும் ஐந்து நிமிசம் நின்றதில்லை. எல்லோரும் கரிபியன் கரைக்குப் போகிறார்கள். படத்தைப் பார்த்து ஒருத்தி மலைத்து நிற்பதைக் கண்டதும் மனுசனுக்கு உயிர் வந்துவிட்டது. கையில் விளக்குமாறு இருந்ததைக்கூடக் கவனிக்காமல், பாலைவனம் ஒரு பக்கம், கடல் இரண்டு பக்கம் என்று தொடங்கி, திராட்சைப் பள்ளத்தாக்கு, இருநூறு வயது முள்மரங்கள், காலையில் சிவப்பாய்த் தெரியும் மலை என்று தன் மண்ணின் பெருமையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டினார். றீற்றா முழுவதும் கேட்டாள். முடிந்ததும் கோட்டுப் பையிலிருந்து அஞ்சலட்டையை எடுத்து நீட்டி, என் புருசனும் தம்பியும் இந்த இடத்திலிருந்து காணாமற்போனார்கள் என்றாள்.

ரமிரோ படத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படம் அவருக்கு அலுத்துப்போன படம். அட்டையைத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விளக்கின் அடியில் பிடித்து, முத்திரைமேல் தபால்காரர் குத்தி அழிந்துகிடந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார். இது என்சனாடாவிலிருந்து வந்ததல்ல என்றார். சான் பெலிப்பே என்று குத்தியிருக்கிறது. அது மலைக்கு மறுபுறம், பாலைவனத்தைத் தாண்டி, மற்றக் கடலின் கரையில் நாலு மணித்தியாலப் பயணத்தில் இருக்கிற ஊர். இந்தப் படத்தை எங்கள் மாநிலத்தில் பெற்றோல் நிரப்பும் இடத்தில்கூட விற்பார்கள் என்றார்.

றீற்றாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தன்னையே அடிக்கவேண்டும் போல் ஆத்திரம் வந்தது. குருநகரில் மடு மாதா கோயிலுக்குப் போகாமல் எவரும் மடுமாதா படம் வாங்குவதில்லை. திருவிழாவுக்குப் போனவர்தான் படம் வாங்கி வருவார். சுவரில் படம் தொங்கினால் அந்த வீட்டார் அந்த வாசலை மிதித்தவர்கள் என்று அர்த்தம். வாழ்க்கையில் அவர்கள் வாங்கிய படமெல்லாம் அப்படி வாங்கிய படம்தான். அஞ்சலட்டையிலும் அதே கணக்கைப் போட்டுவிட்டார்கள். ஹைமில் பன்னிரண்டு பேர் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். மரியரட்ணம் அண்ணை இரண்டு தரம் பார்த்தார். ஒருவருக்கும் முத்திரையைப் பார்க்கத் தோன்றவில்லை. ஐந்து மாதமாக, ஸ்ரனிஸ்லாஸ் ஒருநாளும் காணாத பாறைக்கு முன்னால் அவள் செபம் சொல்லியிருக்கிறாள்.

சான் பெலிப்பேயில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, பயணிகள் அவ்வளவாகப் போவதில்லை, இறால் படகுகள்தான் என்றார் ரமிரோ, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. றீற்றா அவருடைய நாற்காலியில் இருந்துவிட்டாள். இறால் படகு நிற்கிற கரையைக் கண்டால் குருநகரான் அதை விட்டு அசையமாட்டான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கடையில் ஒரு தொலைபேசி இருந்தது. பேர்லினில் மாலை ஆறு மணி என்றால் அங்கே காலை ஒன்பது. மறுநாள் மாலை அவள் போனபோது ரமிரோ அந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கந்தோரின் எண்ணைத் தேடி வைத்திருந்தார். சுழற்றினார், ஸ்பானிய மொழியில் கத்தினார், சிரித்தார், பிறகு சிரிக்காமல் கேட்டார். தொலைபேசிக் குழாயின் வாயைப் பொத்திக்கொண்டு அவளிடம் சொன்னார்: இருக்கிறான். கறுத்த மனிதன். இந்தியாக்காரன் என்று கூப்பிடுகிறார்களாம். கிழிந்த வலை பொத்துவதில் கெட்டிக்காரனாம்.

"ஒருவரா, இருவரா?" என்று கேட்டாள் றீற்றா.

ரமிரோ திரும்பக் கேட்டார். ஒருவர்தான். வயது தெரியாது, அவன் அதிகம் பேசமாட்டான், இப்போது கடலில் நிற்கிறான், நாளை மறுநாள் காலை படகு வரும். நாளை மறுநாள் என்றால் சந்தையின் கடைசி நாள். ஆறு மணிக்குக் கடையைக் கழற்றிவிடுவார்கள், தொலைபேசி இணைப்பும் போய்விடும். ஆகவே அன்றைக்கு ஐந்தரைக்கே வரவேண்டும் என்றார் ரமிரோ.

ஒருவர் என்றால் எவர்? இரண்டு பேரும் கறுப்பு. இரண்டு பேருக்கும் வலை பொத்தத் தெரியும். இரண்டு பேரும் அந்நியரிடம் வாய் திறக்கமாட்டார்கள். அந்த இரண்டு நாளும் றீற்றா பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்கமாட்டேன். செபமாலையைக் கையில் எடுத்தாள், வைத்தாள். புருசனாக இருக்கவேண்டும் என்று மன்றாடினால் தம்பியைக் கொன்றது போலாகும். தம்பியாக இருக்கவேண்டும் என்று மன்றாடினால் தாலி கட்டியவனைக் கைவிட்டது போலாகும். கடைசியில் ஒன்றும் கேட்காமல் சும்மா மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் வேலையும் போயிற்று. தொலைபேசி எடுத்த அந்த மாலை அவள் கடைக்குள் இருந்து கடைக்காரரோடு பேசுவதை மேற்பார்வைக்காரி கண்டுவிட்டாள். மறுநாள் வாசலிலேயே அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, உள்ளே வர வேண்டாம் என்றாள். அட்டை கொறற்றியுடையது, ஆகவே கெட்டது கொறற்றியின் பேர். கொறற்றி ஒரு மணித்தியாலம் ஏசினாள். மூச்சு வாங்குவதற்கு நிறுத்திய இடத்தில்தான் றீற்றா நடந்ததைச் சொன்னாள். கொறற்றி எழுந்து, தன் பெட்டியைத் திறந்து, கலியாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கிற நல்ல கம்பளிக் கோட்டை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"கூட்டப் போனால்தானே துரத்துவினம். நாளைக்குச் சனத்தோடை சனமா முன்வாசலாலை போ," என்றாள்.

அப்படியே போனாள். கடைசி நாள் பின்னேரம், மயில்நீலச் சேலை, மேலே கொறற்றியின் கோட்டு, கையில் நுழைவுச் சீட்டு. வாசலில் நின்ற பையன்கள், முந்தின நாள்வரை அவளைக் கண்ணெடுத்துப் பாராதவர்கள், குனிந்து வரவேற்று ஒரு துணிப்பையும் கொடுத்தார்கள். வழிநெடுக ஒவ்வொரு கடையும் அவளைக் கூப்பிட்டது. எங்கள் தீவுக்கு வாருங்கள், எங்கள் மலைக்கு வாருங்கள் என்று தாள்களைத் திணித்தது. அவள் ஒரு கடையிலும் நிற்கவில்லை. தான் அள்ளிய தரைமேல் செருப்புச் சத்தம் கேட்க நடந்து, ஐந்தரைக்குப் பத்து நிமிசம் இருக்க ரமிரோவின் முன்னால் போய் நின்றாள்.

முதல் தரம் இணைப்புக் கிடைக்கவில்லை. இரண்டாம் தரம் யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் தரம் ரமிரோ நீண்ட நேரம் பேசினார், காத்திருந்தார், பிறகு குழாயை அவளிடம் கொடுத்தார். தூரத்தில் படகு இயந்திரத்தின் சத்தம். யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

"ஆர்?" என்றது குரல்.

ஸ்ரனிஸ்லாஸ். அவளுக்குச் சந்தோசம் வந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை, உடம்பு முழுக்கச் சந்தோசம் வந்தது. அது வந்த அதே கணத்தில் தம்பி செத்துப்போனான். இரண்டும் ஒன்றாக நெஞ்சில் ஏற, கடையின் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் றீற்றா," என்றாள் பிறகு. "தம்பி எங்கை?"

அவன் அழத் தொடங்கினான். அவள் அவனை அழவிட்டுக் காத்திருந்தாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். ஏஜென்றின் ஆட்கள் சான் பெலிப்பேயில் தங்க வைத்திருந்த அவர்களை ஒரு லொறிக்காரன் ஏற்றிப்போய்ப் பாலைவனத்தில் இறக்கி, இரண்டு போத்தல் தண்ணீர் கொடுத்து, வடக்கே நடந்தால் றோட்டு வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். றோட்டு வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஜேசுரட்ணம் கொஞ்சம் இருந்துவிட்டு வாறன் அத்தான் என்று ஒரு முள்மரத்தின் கீழ் இருந்தான். எழும்பவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தவனை, சான் பெலிப்பேக்கு ஐஸ் ஏற்றிப்போன லொறி ஒன்று கண்டு ஏற்றியது. அங்கேதான் அடக்கம் செய்தார்கள். மீனவர்களே சவப்பெட்டி செய்து கொடுத்தார்கள்.

"நான்தானே அவனைக் கூட்டிக்கொண்டு போனனான். உனக்கு என்னெண்டு எழுதுறது? எழுதி எழுதிக் கிழிச்சன், றீற்றா. நீயும் என்னைச் செத்ததெண்டு நினைச்சாய் எண்டால் நல்லதெண்டு விட்டிட்டன்."

"சிலுவை வைச்சிருக்கோ?"

"வைச்சிருக்கு."

"பேர் எழுதியிருக்கோ?"

அவன் சொன்னான். பொலிஸ் கேட்டபோது பாஸ்போட்டைத்தான் காட்டவேண்டியிருந்தது. பாஸ்போட்டில் இருந்த பேரைத்தான் எழுதினார்கள். சிலுவையில் சிதம்பரம் என்று இருக்கிறது.

அந்த இடத்தில்தான் றீற்றா அழுதாள், நின்றபடியே, சத்தம்போட்டு. பைகளோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ரமிரோ கடையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் குழாயைத் திரும்பக் காதில் வைத்தபோது, அவளுக்கு என்ன சொல்லவேண்டும் என்பது தெரிந்திருந்தது. கலியாணம் கட்டி ஆறு வருசத்தில் அவள் ஸ்ரனிஸ்லாஸுக்கு ஒரு கட்டளை இட்டதில்லை.

"இஞ்சருங்கோ, வடிவாக் கேளுங்கோ. உங்களிலை எனக்குக் கோபமில்லை. அம்மாவுக்கு நான் எழுதுறன். நீங்கள் அந்தப் பேரை எடுங்கோ. மரியாம்பிள்ளை ஜேசுரட்ணம், குருநகர், யாழ்ப்பாணம் எண்டு எழுதுங்கோ."

"பொலிஸ் கேட்டால் என்னையும் பிடிப்பினம்."

"பிடிக்கட்டும். உள்ளதைச் சொல்லுங்கோ. ஆரோ ஒருத்தன்ரை பேரிலை அவன் அங்கை கிடக்க ஏலாது."

கடைகளைக் கழற்றுகிற சத்தம் மண்டபத்தின் அந்தக் கோடியில் தொடங்கிவிட்டது. ஸ்ரனிஸ்லாஸ் மெல்லக் கேட்டான், நீ இனி என்ன செய்யப்போறாய் என்று. கனடா என்ற சொல்லை அவன் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

"நான் அங்கை வாறன்," என்றாள். "ஏஜென்றோடை இல்லை. இஞ்சை என்ரை கேஸ் முடிஞ்சு, என்ரை பேரிலை ஒரு பாஸ்போட் கிடைச்சாப் பிறகு, பகல்லை, முன்வாசலாலை வாறன். எத்தினை வருசம் செல்லுமோ தெரியாது. அதுவரைக்கும் அவனைத் தனிய விட்டிட்டு ஒரு இடமும் போகாதேங்கோ."

"போகமாட்டன்."

"பேரை எப்ப எழுதுவியள்?"

"ஞாயிற்றுக்கிழமை படகு ஓடாது. அண்டைக்கு எழுதுறன்."

"இண்டைக்கு," என்றாள் றீற்றா.